கசாக் பேசாத கசாக்குகள்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் மகள் கசகஸ்தானின் அல்மாட்டி நகரில் மருத்துவம் படிக்கிறாள். கடை, பேருந்து, விடுதி என்று எங்கே போனாலும் ரஷ்ய மொழிதான் காதில் விழுகிறது என்கிறாள். அவளோடு ஒரே அறையில் இருக்கும் கசாக் பெண், "என் மொழி எனக்கே சரியாக வராது" என்று சொல்லி ஒருநாள் அழுதுவிட்டாளாம். இதிலிருந்து மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கசாக் மொழி அழிந்துகொண்டிருக்கிறதா? அந்த மொழி தெரியாதவர் எப்படிக் கசாக் ஆவார்? கசாக்கும் தமிழும் உறவு மொழிகள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, நிஜமா? மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்களை எழுதவைத்தது அந்தப் பெண்ணின் அழுகைதான் என்று தோன்றுகிறது. அதனால் அதைச் சுற்றியே பேசுகிறேன்.

நான் மொழியியல் படித்தவன். கசாக் உள்ளிட்ட துருக்கிய மொழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது என் தொழில். அல்மாட்டியில் ஐந்து ஆண்டுகள் குடியிருந்து, கசாக் வீடுகளில் சாப்பிட்டு, அவர்களுடைய கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய்வந்திருக்கிறேன். நான் பழகியது நாட்டின் தெற்குப் பகுதி. ரஷ்ய எல்லையை ஒட்டிய வடக்கு நகரங்களுக்கு வந்துபோனவனாகத்தான் போயிருக்கிறேன். ஆகவே நான் சொல்லும் வீட்டுக் கதைகளைத் தெற்கத்திக் கதைகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு உறுதியான பதில் உண்டு. கசாக் அழியவில்லை. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 70 சதவீதம் பேர் கசாக்குகள், 15 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டி ரஷ்யர்கள். கசாக் தெரியும் என்று சொன்னவர்கள் ஏறக்குறைய 80 சதவீதம். ஆனால் அதைத் தினமும் பேசுகிறோம் என்றவர்கள் பாதிப் பேர்தான். உங்கள் மகள் வாழ்வது இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில். அல்மாட்டியின் மையப் பகுதியில் ரஷ்ய மொழி ஓங்கியிருக்கும். இரண்டு மணி நேரம் பேருந்தில் போய் ஒரு கிராமத்தில் இறங்கினால், ரஷ்ய மொழி பேச ஆள் தேட வேண்டும்.

நகரம் ஏன் இப்படி ஆனது என்பதற்குக் காரணம் வரலாறு. கசாக்குகளின் அலட்சியம் அல்ல. 1930 முதல் 1933 வரை, மேய்ச்சல் மக்களின் கால்நடைகளைச் சோவியத் அரசு பறித்துக் கூட்டுப்பண்ணைகளில் அடைத்தது. வந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கசாக்குகள். அந்த இனத்தில் மூன்றில் ஒருவருக்கு மேல். தப்பியவர்களில் லட்சக்கணக்கானோர் சீனாவுக்கும் பக்கத்து நாடுகளுக்கும் ஓடினார்கள். அப்புறம் வேறு இடங்களிலிருந்து மக்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள்: 1937-இல் கொரியர்கள், 1941-இல் வோல்கா ஜெர்மானியர்கள், 1944-இல் செச்சென்கள். 1954-இல் தரிசு நிலத்தை உழுது கோதுமை போடும் திட்டத்துக்காக ரஷ்யாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் பெருங்கூட்டம் வந்தது. 1959 கணக்கெடுப்பில், தங்கள் பெயரைத் தாங்கிய குடியரசிலேயே கசாக்குகள் 30 சதவீதம்தான். இத்தனை இனங்களுக்கும் பொது மொழி ரஷ்யன் ஆனது. பல்கலைக்கழகம், வேலை, பதவி எல்லாம் அதில்தான். அப்போது தலைநகராக இருந்த அல்மாட்டியில் கசாக் வழிப் பள்ளிகளை விரல்விட்டு எண்ணலாம். அந்தக் காலத்தில் பிள்ளையை ரஷ்யப் பள்ளியில் சேர்த்த தகப்பன், பிள்ளை பிழைக்க வேண்டுமே என்றுதான் சேர்த்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இப்படி வளர்ந்தவர்களுக்குக் கசாக்கில் ஒரு பெயர் உண்டு: 'ஷாலா கசாக்'. ஷாலா என்றால் அரைகுறை, பாதி வெந்தது. உங்கள் மகளின் தோழி அந்தச் சொல்லைப் பலமுறை கேட்டு வளர்ந்திருப்பாள். ஊரிலிருந்து வரும் உறவினர் விளையாட்டாகச் சொல்வார்கள். கேட்பவருக்குச் சுருக்கென்று தைக்கும்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அல்மாட்டியில் நான் அடிக்கடி போகும் ஒரு வீடு. மூன்று தலைமுறையும் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில். சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் பேச்செல்லாம் ரஷ்ய மொழியில்: சம்பளம், போக்குவரத்து நெரிசல், பேத்தியின் தேர்வு. பால் விட்ட தேநீர், சின்னக் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவார்கள். நிரம்ப ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும் முன் தாத்தா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மார்புக்கு நேராக ஏந்துவார். மேசை சட்டென்று அமைதியாகும். அதுவரை ஒரு வார்த்தை கசாக் பேசாத பேரப்பிள்ளைகளும் கைகளை ஏந்துவார்கள். தாத்தா கசாக்கில் வாழ்த்துவார். எதுகையோடு வரும் வரிகள், ஒவ்வொன்றும் 'பொல்சுன்' என்று முடியும். பொல்சுன் என்றால் ஆகட்டும். இதன் பெயர் 'பத்தா'. "மழையால் நிலம் பசுமையாகும், பத்தாவால் நாடு பசுமையாகும்" என்பது அவர்கள் பழமொழி. பத்தாவை ரஷ்ய மொழியில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சொன்னால் அது வெறும் வாழ்த்துரை ஆகிவிடும், பத்தா ஆகாது.

அந்தத் தாத்தா இறந்த மறு வருஷம் அதே வீட்டில் ஒரு சிறு விருந்து. இப்போது மூத்தவர் அவருடைய மகன். அறுபது வயதைத் தாண்டிய பொறியாளர், ரஷ்ய மொழியில் கவிதை மாதிரிப் பேசக்கூடியவர். சாப்பிட்டு முடிந்ததும் எல்லோருடைய கண்ணும் அவர் பக்கம் திரும்பியது. கையை ஏந்தினார். இரண்டு வரி வந்தது. மூன்றாவது வரி வரவில்லை. உதடு அசைந்தது, சத்தம் இல்லை. மெல்ல "அவ்மின்" என்று முடித்து முகத்தைத் தடவிக்கொண்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று அவர் முகத்தில் நான் பார்த்ததைத்தான் உங்கள் மகள் அந்தப் பெண்ணிடம் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். கடையில் பால் வாங்க அவர்களுக்கு இந்த மொழி தேவைப்படுவதில்லை. பெரியவர்கள் போனபின் தன் முறை வரும்போது, வாய் திறக்க முடியாமல் நிற்கிறார்கள்.

அப்படியென்றால் அவர் கசாக் இல்லையா? இங்கேதான் நம் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாமல் போகிறது. நமக்கு மொழியின் பெயரும் மக்களின் பெயரும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கசாக்குக்கு முதலில் வருவது வம்சம். 'ஜெத்தி அத்தா', அதாவது ஏழு தாத்தாக்கள்: தந்தை வழியில் ஏழு தலைமுறைப் பெயர்களைப் பிள்ளை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். அந்த ஏழுக்குள் பெண் கொடுப்பதோ எடுப்பதோ கிடையாது. நாம் மாமன் மகளைக் கட்டுவோம் என்று சொன்னபோது, எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். ரஷ்ய மொழி மட்டுமே தெரிந்த கசாக்கும் தன் குலம் எது, மூன்று பெரும் பிரிவுகளில் தான் எதைச் சேர்ந்தவன் என்று சொல்லிவிடுவான். ஆகவே மொழி போனாலும் இனம் போய்விடுவதில்லை. இதை உறுதியாகச் சொல்வேன். ஆனால் அந்த உறவுகளை வாயால் அழைக்க மொழி வேண்டும். இழப்பு அங்கேதான் தெரிகிறது.

உறவுச் சொற்களைப் பாருங்கள், நம் வீடு மாதிரியே இருக்கும். சம்பந்திக்கு 'குதா', சம்பந்தியம்மாவுக்கு 'குதாகி'. அக்காளையும் தங்கையையும் கட்டிய இருவர் ஒருவருக்கொருவர் 'பஜா', நம் சகலை. அண்ணன் தம்பி மனைவிமார் உறவுக்கு 'அபுசுன்', நம் ஓரகத்தி. சில இடங்களில் நம்மையும் தாண்டிப் போகிறார்கள். ஆணுக்குத் தங்கை என்றால் 'கருண்தாஸ்', பெண்ணுக்குத் தங்கை என்றால் 'சிங்லி'. "மாப்பிள்ளை உறவு நூறு வருஷம், சம்பந்தி உறவு ஆயிரம் வருஷம்" என்று ஒரு பழமொழி. அதைக் கேட்டதும் என் அம்மா ஞாபகம்தான் வந்தது.

இன்னொன்று, உங்களுக்குப் பிடிக்கும். நம் பாட்டிமார் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்களே, அதுபோலக் கசாக் மருமகள் புகுந்த வீட்டுப் பெரியவர்கள் பெயரைச் சொல்லக் கூடாது. மாற்றுப் பெயர் கட்ட வேண்டும். இதற்கு 'அத் தெர்கேவ்' என்று பெயர். இதைப் பற்றி ஒரு நாட்டுப்புறக் கதை சொல்வார்கள். ஒரு வீட்டில் மாமனார், கொழுந்தன்மார் பெயர்களெல்லாம் ஆறு, நாணல், ஓநாய், ஆடு, கத்தி, சாணைக்கல். ஒருநாள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நாணலுக்கு இந்தப் பக்கம், ஓநாய் ஒன்று ஆட்டைக் கடித்துத் தின்கிறது. மருமகள் ஓடிவந்து கூவுகிறாள்: "சலசலப்புக்கு அந்தண்டை, சரசரப்புக்கு இந்தண்டை, ஊளையிடுவது மே மே-யைத் தின்கிறது, தீட்டுவதையும் வெட்டுவதையும் எடுத்து வாருங்கள்!" ஒரு பெயரும் சொல்லாமல் சேதியைச் சொல்லிவிட்டாள். கசாக்கில் இந்த வரியே தண்ணீர் ஓடும் சத்தத்தோடு இருக்கும். சாதுரியமாகப் பேசத் தெரிவதை அந்த மக்கள் எவ்வளவு மதித்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. "கலைகளில் முதலாவது சிவந்த நாக்கு" என்பது அவர்கள் வாக்கு. இரண்டு பாவலர்கள் தொம்ப்ரா என்ற இரட்டைத் தந்தி வாத்தியத்தை மீட்டியபடி, அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டி மோதும் 'அய்துஸ்' இன்றும் அரங்கம் நிறைய நடக்கிறது. 2015-இல் யுனெஸ்கோ அதை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

கால்நடையோடு அலைந்த வாழ்க்கை சொற்களில் அப்படியே தங்கியிருக்கிறது. பிறந்த குதிரைக்குட்டி 'குலுன்', ஒரு வயதானால் 'தாய்', அதற்கு மேல் 'குனான்', 'தோனென்', ஐந்து வயதில் 'பெஸ்தி'. குழந்தையைக் கொஞ்சும்போது 'குலுனும்' என்பார்கள், என் குதிரைக்குட்டியே என்று. 'போத்தாம்' என்றால் என் ஒட்டகக்கன்றே. பழைய நலம் விசாரிப்பே "மால் ஜான் அமான் பா?" என்பதுதான்: மாடும் மனிதரும் சுகமா? மாடு முதலில் வருவதைக் கவனியுங்கள். தூரத்துக்கு 'ஷாகுரும்' என்று ஓர் அளவு. கூப்பிட்டால் கேட்கும் தூரம், அதாவது நம் கூப்பிடு தூரம். இன்று சாலைக் கிலோமீட்டருக்கும் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். குழந்தை முதல் அடி வைக்கும்போது கால்களைக் கறுப்பு வெள்ளைக் கயிற்றால் கட்டி வெட்டிவிடும் சடங்கு 'துசாவ் கெசு'. துசாவ் என்பது குதிரையின் முன்னங்கால்களைப் பிணைக்கும் தளை. அடுக்குமாடி வீட்டின் கம்பளத்தின் மேல் அதைச் செய்கிறார்கள், பக்கத்தில் குதிரை ஏது? சொல் மட்டும் இன்னும் புல்வெளியில் நிற்கிறது.

எழுத்தின் கதை வலியானது. நூறு ஆண்டுக்குள் மூன்று எழுத்துமுறைகள். அரபு எழுத்தை அஹ்மத் பைதுர்சுனுலி என்ற அறிஞர் கசாக் ஒலிகளுக்கு ஏற்பச் சீர்திருத்தினார். 1929-இல் லத்தீன் எழுத்துக்கு மாற்றினார்கள். 1940-இல் ரஷ்யாவின் சிரிலிக் எழுத்து, கசாக் ஒலிகளுக்காகச் சேர்த்த 9 எழுத்துகளோடு மொத்தம் 42. ஒரு வீட்டில் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். கொள்ளுத்தாத்தா எழுதிய கடிதம் அரபு எழுத்தில், பாட்டியின் பள்ளிக்கூட நோட்டு லத்தீன் எழுத்தில், அம்மாவின் சான்றிதழ் சிரிலிக்கில். அந்த வீட்டில் மூன்றையும் படிக்கக்கூடியவர் ஒருவரும் இல்லை. பைதுர்சுனுலியை 1937-இல் சுட்டுக் கொன்றார்கள். கசாக் இலக்கணக் கலைச்சொற்களில் பலவற்றை ஆக்கியவர் அவர். வினைச்சொல்லுக்கு 'எதிஸ்திக்' என்று பெயர். 'எத்' என்றால் செய். பெயர்ச்சொல்லுக்கு 'ஸாத் எசிம்', பொருளின் பெயர். புதிதாகக் கடன் வாங்காமல், ஊரார் பேசும் சொல்லிலிருந்தே இலக்கணத்தைக் கட்டிய அவர் முறை தமிழ் படித்தவர்களுக்கு உடனே பிடிபடும். மறுபடி லத்தீனுக்குப் போவதாக 2017-இல் ஆணை வந்தது. அந்த எழுத்துவரிசை ஒற்றை மேற்கோள் போன்ற அப்போஸ்திரபி குறிகளால் நிறைந்து கண்ணை உறுத்தியதால் 2018-இல் திருத்தினார்கள், 2021-இல் மீண்டும் ஒரு வடிவம் வந்தது. 2025-க்குள் முடிப்பதாக இருந்தது தள்ளிப்போய்விட்டது. பத்திரிகையும் பாடநூலும் இன்னும் சிரிலிக்தான். என் அபிப்பிராயம்: எந்த எழுத்தானாலும் சரி, இனியும் ஒரு தலைமுறையை முந்தைய தலைமுறையின் கடிதத்திலிருந்து பிரிக்காமல் இருந்தால் போதும்.

தமிழோடு உறவு உண்டா? ஒற்றுமைகள் நிஜம். கசாக்கிலும் வினை கடைசியில் வரும், ஒட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். 'ஜாஸுப்' என்றால் எழுதி. 'ஜாஸுப் கோர்' என்றால் எழுதிப் பார். கோர் என்பது கண்ணால் பார்ப்பதேதான். 'ஜாஸுப் கொய்' என்றால் எழுதி வை. நம் 'என்று' இருக்கிறதே, அது 'என்' என்ற சொல்லுதல் வினையிலிருந்து வந்தது. அவர்களும் சொல்லுதல் வினையிலிருந்தே 'தெப்' என்று ஆக்கி, அதே இடத்தில் அதே வேலைக்கு வைக்கிறார்கள். வார்த்தைக்கு வார்த்தை மாற்றிப் போட்டாலே வாக்கியம் பெரும்பாலும் சரியாக வந்துவிடும். முதல் மாதம் எனக்கு இது மாயம் போல இருந்தது. 1856-இல் கால்டுவெல்லும் இதுபோன்ற ஒற்றுமைகளைப் பார்த்துத்தான் திராவிட மொழிகளை, துருக்கிய மொழிகளும் அடங்கும் என்று அவர் எண்ணிய 'சித்தியக்' குடும்பத்தோடு சேர்க்கலாம் என்று கருதினார். ஆனால் இன்று மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை, நானும் ஏற்கவில்லை. அமைப்பு ஒத்துப்போவது ஜப்பானியத்திலும் கொரியத்திலும் உண்டு. உறவைக் காட்ட அடிப்படைச் சொற்கள் ஒழுங்காக ஒத்துவர வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று அவர்களுக்கு பிர், எக்கி, உஷ். தண்ணீர் 'சு', கண் 'கோஸ்'. எங்கே ஒத்துவருகிறது? 'அத்தா' போன்ற சொற்கள் குழந்தை வாயில் உலகெங்கும் பிறப்பவை. வாட்ஸ்அப் செய்தியை விட்டுவிடுங்கள். ஆனால் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு ரஷ்ய மொழியைவிடக் கசாக் எளிதாக வரும். அது மட்டும் நான் அனுபவத்தில் கண்டது.

இன்றைய நிலை மாறிவருகிறது. 1989 செப்டம்பரில் கசாக் அரசு மொழி ஆனது. 1995 அரசியலமைப்பின் 7-ஆம் பிரிவு அதை உறுதிசெய்து, அரசு அலுவலகங்களில் ரஷ்ய மொழிக்கும் சமமான இடம் கொடுத்தது. சட்டத்தைவிட அதிகம் செய்தது மக்கள் நடமாட்டம் என்பது என் கணிப்பு. மங்கோலியா, சீனா, உஸ்பெகிஸ்தானிலிருந்து 10 லட்சத்துக்கு மேற்பட்ட கசாக்குகள் திரும்பி வந்து குடியேறியிருக்கிறார்கள். 'காந்தாஸ்', ஒரே ரத்தம், என்று அவர்களுக்கு இப்போது பெயர். மங்கோலியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தவர்கள் பலருக்கு ரஷ்ய மொழி தெரியாது, கசாக் கணீரென்று இருக்கும். கிராமத்துப் பிள்ளைகளும் அல்மாட்டிக்கு வேலைக்கு வருகிறார்கள். 2015-இல் வந்த நைன்ட்டி ஒன் என்ற இளைஞர் குழு கசாக்கில் பாப் பாடல் பாடி, நகரத்துப் பிள்ளைகள் வாயில் அந்த மொழியை ஏற்றியது. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, ரஷ்ய மொழியிலேயே வளர்ந்த நடுவயதுக்காரர்கள் மாலை நேரப் பேச்சு வட்டங்களுக்குப் போவதைப் பார்க்கிறேன். நான் சொன்ன அந்தப் பொறியாளரும் போகிறார். சட்டைப் பையில் மடித்த ஒரு தாள், அதில் தகப்பனாரின் பத்தா வரிகள். அக்காவிடம் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். இப்போது ஆறு வரி சொல்கிறார்.

உங்கள் மகளுக்கு ஒரு விஷயம். மருத்துவமனைப் பயிற்சி தொடங்கியதும் கிராமத்திலிருந்து வரும் வயதான நோயாளிகளைப் பார்ப்பாள். அவர்களிடம் "கய் ஜெரிஙிஸ் அவுராடு?" என்று கேட்கச் சொல்லுங்கள். உங்களுக்கு எந்த இடம் வலிக்கிறது என்று அர்த்தம். கடைசி உகரத்தை நம் குற்றியலுகரம் போலச் சொன்னால் போதும். உச்சரிப்பை அறைத் தோழியிடமே கேட்டுக்கொள்ளட்டும். தப்பும் தவறுமாக இரண்டு பேரும் சேர்ந்து பேசினால் அந்தப் பெண்ணுக்கும் கூச்சம் குறையும். அந்தப் பாட்டி பதிலுக்கு "அய்னலாயின்" என்பாள். உன்னைச் சுற்றி வருகிறேன் என்று அர்த்தம். நோயாளியைச் சுற்றி வந்து அவர் நோயைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் பழைய வழக்கத்திலிருந்து வந்த சொல் என்கிறார்கள். இப்போது பிரியமானவர்கள் எல்லோரையும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.